டோஹாவில் இருக்கும் மாமாவுக்கு ஓப்பநாயக்கவில் நடந்த எழவு

இல்லை மாமா, நீங்கள் சாகவில்லை. நன்றாக விசாரித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். முந்தாநாள் டோஹாவிலிருந்து பஸார் கொமியுனிகேஷன் கடைக்குப் போன் எடுத்து, "நான் செத்துட்டேனான்னு சுரேந்திரன்கிட்ட கேட்டுச் சொல்லு பிள்ள" என்றீர்களாம். துஷாந்தினி பாவம், புதிதாக வேலைக்கு வந்தவள். இப்படி ஒரு கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. பயந்துபோய் ரிசீவரை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு மழையில் வெளிநாட்டு லைன் செத்துப்போனது. செத்தது லைன்தான், நீங்கள் இல்லை. அதனால்தான் அதே கடையில் ஒரு மூலையில் உட்கார்ந்து இந்தக் கடிதம்.

முறையாகத் தொடங்கவில்லை என்று தெரிந்தால் அம்மா திட்டுவார். ஆகவே, என் தாய்மாமனும் எங்கள் தோட்டத்து லயத்திலிருந்து முதன்முதலாக விமானம் ஏறியவரும் பருப்புக்கல் பங்காளிகளின் தலைவருமான கிருஷ்ணராஜ் மாமா அவர்களுக்கு, ஓப்பநாயக்கவிலிருந்து, இரண்டாயிரத்து இரண்டாம் வருஷத்து ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு, அக்கா மகன் சுரேந்திரன் கும்பிட்டு எழுதுவது. இங்கே அம்மா சுகம், நான் சுகம், ஆடும் சுகம். நீங்களும் சுகமாக இருக்கிறீர்கள் என்று ஊரை நம்ப வைக்கத்தான் நாலு நாளாக நாய்படாத பாடு படுகிறேன்.

நடந்ததில் என் பிழை கொஞ்சம் உண்டு. மிச்சப் பிழை உங்களுடையதும் மழையுடையதும். நீங்கள் என்ன எழுதியிருந்தீர்கள்? "டேய், காலேஜை விட்டு ஓடிவந்த, தோட்டத்து ஒப்பீஸ விட்ட, தையல் கடைய விட்ட. தொட்ட ஒரு வேலையையாச்சும் முடிச்சுக் காட்டு, விசா அனுப்புறேன்" என்று எழுதினீர்கள். என்ன வேலை? உங்கள் ஆசிரியர் கல்லூரிக் கூட்டாளிகள் மூன்று பேரையும் தேடிப் பிடிக்க வேண்டும். காலேஜ் முடிந்த பிறகு அவரவர் என்ன ஆனார்கள் என்று, பழைய மாணவர் மலரில் போட ஆளுக்கு ஒரு பக்கம் எழுத வேண்டும். ஒரு சனிக்கிழமை நம் வீட்டு வாசலில் எல்லோரையும் ஒரே வாளிப் பருப்பின் முன்னால் உட்கார வைத்துப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். கடைசியில் ஒரு கட்டளை: நீங்கள் ஹோட்டல் லோண்டரியில் துணி வெளுப்பதைச் சொல்லக் கூடாது, "மெனேஜ்மென்ட்ல இருக்கார்" என்றுதான் சொல்ல வேண்டும். பெரிய ஆட்களாகிவிட்டார்கள், என்னையெல்லாம் ஞாபகம் இருக்குமோ இல்லையோ என்றும் ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருந்தீர்கள். அந்த ஓரத்தையும் நான் வாசித்தேன் மாமா.

உங்கள் பங்காளிச் சங்கத்தைப் பற்றி நான் எவரிடம் சொன்னாலும் நம்புகிறார்களில்லை. ஹொஸ்டல் பருப்பில் கல்லைக் கடித்துப் பல் உடைந்தவன் மட்டும்தான் உறுப்பினர், கல்லாக இருந்தாலும் பங்கு போட்டுத்தான் தின்ன வேண்டும் என்பதுதான் சத்தியப்பிரமாணம் என்றால் யார் நம்புவார்? நான் அதே காலேஜில் இருந்த கொஞ்ச நாளில் பருப்பைக் கல் பொறுக்கித்தான் சமைத்தார்கள். அதனால்தான் எனக்கு அங்கே ஒட்டவில்லை என்று நினைக்கிறேன்.

முதலில் பெல்மதுளைக்குப் போய்க் குமாரவேல் மாமாவைப் பிடித்தேன். கணக்கு வாத்தியாராக இருந்தவர் அதை விட்டுவிட்டு இரத்தினக்கல் தரகில் இறங்கியிருக்கிறார். அன்றைக்குப் பருப்பில் தேடாமலே கிடைத்ததை இன்றைக்குச் சேற்றில் தேடியும் கிடைக்காமல் இருக்கிறார். சந்தியில் ஒரு கடைக்கு மேல் சின்ன அறை. கையில் எந்நேரமும் ஒரு டோர்ச். நான் கொடுத்த அழைப்பிதழைக் கூட டோர்ச் அடித்துத்தான் வாசித்தார். வாசித்துவிட்டு அந்த வெளிச்சத்தை என் முகத்திலும் அடித்துப் பார்த்தார்.

"கிருஷ்ணராஜ் மருமகனா? உள்ளுக்குள்ள கொஞ்சம் பிசிறு இருக்கே."

"இருக்கும் மாமா. சனிக்கிழமை வர்றீங்களா?"

"வராமயா? ஆனா காலேஜ் முடிஞ்ச அன்னைக்கே கூட்டாளிங்ககிட்ட சொல்லிட்டுத்தான்டா வந்தேன், இனிமே உங்க முன்னாடி வந்தா சொந்தக் கார்லதான் வருவேன்னு. காரு கராஜ்ல கெடக்கு. வந்தவுடனே வர்றேன்."

"பஸ் இருக்கே மாமா, இருபது நிமிசம்."

"பஸ்ல போறதுன்னா எழவு வீட்டுக்குப் போவேன். சந்தோசத்துக்குப் பஸ்ல போவாங்களாடா?"

அடுத்தது இராமசாமி சேர். பக்கத்துத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அதிபர். அவர் பேசினால் எதிரில் நிற்பது நான் ஒருத்தனா முழு ஸ்கூலுமா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. "அன்பார்ந்த சுரேந்திரன்" என்றுதான் தொடங்கினார். மணி அடித்ததும் பாதி வசனத்தில் நிறுத்திவிட்டு வகுப்புக்குப் போய், அடுத்த மணிக்கு வந்து மிச்சத்தைச் சொன்னார். சனிக்கிழமை பெற்றோர் சிரமதானம், புல் வெட்ட வேண்டும், அதிபர் இல்லாமல் எப்படி? "துக்கம்னா ஒத்தி வைக்கலாம். விருந்துன்னு சொல்லி ஒத்தி வச்சா அம்மாமாருங்க மம்பட்டியோட என்னையத் தேடி வருவாங்க" என்றார்.

முக்தார் நானாவைப் பார்க்க யட்டியாந்தோட்டை வரைக்கும் பஸ்ஸில் போய் இடுப்பு கழன்றதுதான் மிச்சம். வாத்தியார் வேலையைக் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு வாப்பாவின் துணிக்கடையில் உட்கார்ந்துவிட்டாராம். அவருடைய மனைவி ஹபீஸா எனக்கு வட்டிலப்பம் வைத்தார். நானா மட்டும் தராசை விட்டு எழும்பவேயில்லை. துணிக்கடையில் எதற்குத் தராசு என்று நானும் கேட்கவில்லை. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று நாலு தடவை கேட்டார். உங்கள் போன் நம்பரை வாங்கித் தொப்பிக்குள் வைத்துக்கொண்டார். ஆனால் வர முடியாது என்றார்.

"வெளங்கிக்கோ மகன். சந்தோசத்துக்குக் கடையப் பூட்டினா யாவாரத்துக்கு வாறவன் கோவிப்பான். மையத்து வீட்டுக்குப் போகன்னு பூட்டினா 'ஆஹா மனுசன்'னு சொல்லி மறுநாளும் வருவான்."

ஹபீஸா உள்ளேயிருந்து, "என்ட தங்கச்சி கலியாணத்துக்கே இவரு கடப்பொடியனத்தானே அனுப்பினாரு" என்றார்.

மூன்று பேரும் ஒரே பதிலைத்தான் வேறு வேறு மாதிரிச் சொன்னார்கள் மாமா. எனக்கு அது அப்போது மண்டையில் ஏறவில்லை. விசா போச்சு என்று மட்டும் விளங்கியது. ஆனாலும் இந்தத் தடவை விடுவதில்லை என்று எனக்கு ஒரு வீம்பு. வருகிறார்களோ இல்லையோ, பந்தலைப் போடுவோம், பருப்பைக் காய்ச்சுவோம், யாராவது ஒருத்தர் மனசு மாறி வந்தால் ஒருத்தரையாவது படம் பிடிப்போம் என்று முடிவெடுத்தேன்.

வருகிறவர்கள் உட்காரக் கதிரைக்கு எங்கே போவது? இந்தப் பக்கத்தில் நாற்பது கதிரையும் ஒரு தகரப் பந்தலும் வைத்திருப்பது மரணாதார சங்கம் ஒன்றுதான். தோட்டமோ கிராமமோ, யார் செத்தாலும் அவர்கள்தான் சாமான் கொடுக்கிறார்கள். செயலாளர் பியதாச மாத்தயாவிடம் போனேன். போன உடனே அவர் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "கவுத மளே?" என்று கேட்டார். யாரும் சாகவில்லை, எங்கள் மாமாவுக்காக ஒரு சின்ன விசயம் என்றேன். "மாமா எங்க?" என்றார். வெளிநாட்டில் என்றேன். "அனே அப்பே" என்று கண் கலங்கி என் தோளில் கை வைத்தார். நான் பொய் சொல்லவில்லை மாமா. அவர் கேட்டதற்கெல்லாம் உண்மையைத்தான் சொன்னேன். உண்மை சொன்னதற்கு அவர் ஏன் அழ வேண்டும் என்று யோசித்திருக்க வேண்டும். கதிரை கிடைத்த சந்தோஷத்தில் யோசிக்கவில்லை.

கதிரைகளோடு ஒரு சாக்கு நிறையக் கொடிக் கயிறும் வந்தது. எல்லாம் வெள்ளைக் கொடி. சந்தியிலிருந்து வீடு வரைக்கும் வெள்ளைக் கொடி கட்டினால் எழவு வீடு என்று அர்த்தம், அது எனக்குத் தெரியாதா? நான் என்ன மடையனா? அதனால்தான் சாயம் போட்டேன். அம்மாவின் மஞ்சள் தூளைக் கரைத்துக் கொஞ்சத்தை முக்கினேன். குங்குமத்தில் கொஞ்சம். மிச்சமெல்லாம் நீலத்தில். அதுதான் மாமா, உடுப்புக்குப் போடுகிற சொட்டு நீலம். போத்தல் போத்தலாக ஊற்றினேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் சந்தியிலிருந்து நம் வாசல் வரைக்கும் நானும் பெடியன்களும் கட்டி முடித்தபோது தேர்த் திருவிழா மாதிரி இருந்தது. சந்தியில் உங்கள் பழைய படம் ஒன்றைப் பெரிதாக்கி, பொலித்தீன் சுற்றி நிறுத்தினேன். அதற்குக் கீழே ஒரு கார்ட்போட்டில் சிவப்புப் பெயின்டால், "பருப்புக்கல் பங்காளிகளே வருக! ஒன்றாகச் சாப்பிடுவோம்!" என்று எழுதினேன். அம்மா, தம்பி படம் வெறுமனே இருக்கக் கூடாது என்று சொல்லி ஒரு மாலையைப் போட்டுவிட்டார். மாலையை நான் போடவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு இறங்கிய மழை விடியும்வரை விடவில்லை. காலையில் அம்மா என்னை எழுப்பவில்லை, வாசலில் நின்று "டேய்" என்று மட்டும் சொன்னார். அந்த "டேய்" சரியில்லை என்று எழும்பி வந்து பார்த்தேன். மஞ்சளும் இல்லை குங்குமமும் இல்லை. நீலம் போட்ட துணியை விடிய விடிய மழையில் அலசினால் என்ன ஆகும்? இது உங்கள் துறை மாமா, நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் தடுத்திருப்பீர்கள். அப்படி ஒரு வெள்ளையை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. மரணாதார சங்கத்துக் கொடியெல்லாம் பழசாகிப் பழுப்பாக இருந்தவை. இப்போது சந்தியிலிருந்து நம் வீடு வரைக்கும் பளபளவென்று, கண் கூசுகிற வெள்ளை. கார்ட்போட் கூழாகி ரோட்டோரத்துக் கானில் மழைத் தண்ணீரோடு போய்விட்டது. பொலித்தீன் சுற்றிய படம் மட்டும் சேதமில்லாமல், மாலையோடு, நடுச் சந்தியில், சிரித்துக்கொண்டு நிற்கிறது.

நான் கொடியைக் கழற்ற ஓடினேன். அதற்குள் பலாங்கொடை பஸ் நின்று, கொண்டக்டர் இறங்கித் தொப்பியைக் கழற்றிவிட்டு ஏறிப் போனான். அந்த பஸ் பெல்மதுளைக்கும் போகும், இரத்தினபுரிக்கும் போகும். போன இடமெல்லாம் சொல்லிக்கொண்டு போயிருக்கிறான். நான் சந்திக்குப் போய்ச் சேருவதற்குள் பியதாச மாத்தயா வெள்ளைச் சாரமும் வெள்ளைச் சட்டையுமாகப் பத்துப் பேரோடு எதிரில் வருகிறார். கொடியைக் கழற்றுகிற என் கையைப் பிடித்து, "நீ செய்யாதே புத்தா, வீட்டுப் பிள்ளை இதைச் செய்யக் கூடாது" என்று சிங்களத்தில் சொல்லி, நான் அவிழ்த்த கொடியை மறுபடியும் கட்டிவிட்டார். "மாமா உயிரோட இருக்காரு" என்று நானும் சிங்களத்தில் சொன்னேன். "ஓவ், ஆமா புத்தா, நம்ம மனசுல எப்பவும் உயிரோடதான்" என்கிறார். இதுக்கு மேல நான் என்னா சொல்றது?

வீட்டுக்கு வந்தா அங்க அதுக்கு மேல. லயத்துப் பொம்பளைங்க அம்மாவைச் சுத்தி உக்காந்து ஒப்பாரி வைக்கிறாங்க. அம்மாவும் சேந்து அழுவுறாங்க! நான் ஓடிப்போய்க் காதுக்குள்ள, "யம்மா, மாமா சாகலைன்னு ஒனக்குத் தெரியும்தானே?" என்றேன்.

"தெரியும்டா."

"அப்பறம் ஏன் அழுவுற?"

"இத்தன பேரு அழும்போது நான் மட்டும் சும்மா இருக்க ஏலுமா? நல்லாத்தான் இருக்கான், சரி. ஆனா எத்தன வருசமா இந்தப் பக்கம் வரல அவன்? அதுக்கு அழுவுறேன், போ."

அதுக்குப் பதில் நீங்கதான் சொல்லணும் மாமா. ஒங்ககிட்ட இருந்தா எழுதுங்க.

கொஞ்ச நேரத்தில் குமாரவேல் மாமா வந்தார். காரில் இல்லை, பஸ்ஸில். செருப்பு ஒன்றுதான் காலில் இருந்தது, மற்றது எந்தப் படிக்கட்டில் போனதோ. வந்ததும் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "எங்கடா இருக்கான்?" என்று கேட்டார்.

"டோஹாலதான் மாமா."

"எப்ப வருது?"

நீங்கள் எப்போது வருகிறீர்கள் என்று கேட்கிறார் என நினைத்து, "தெரியல மாமா, லீவு குடுத்தாத்தானே வர ஏலும்" என்றேன்.

"என்னாது! இதுக்குமாடா லீவு கேக்கணும்? என்னா மனுசங்கடா அவனுங்க!" என்று தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்த கிழவர் ஒருவர், அங்கே சட்டம் அப்படித்தான் என்று விளக்கம் வேறு சொன்னார்.

அப்புறம் ரோட்டில் சத்தம். எட்டிப் பார்த்தால் இராமசாமி சேர் முன்னால், அவருக்குப் பின்னால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ரெண்டு ரெண்டு பேராக, அவர்களுக்குப் பின்னால் சிரமதானத்துக்கு வந்த அம்மாமார் மம்பட்டியோடு. சேர் ஒரு கதிரையில் ஏறி நின்று, "அன்பார்ந்தவர்களே" என்று தொடங்கினார். நல்ல பேச்சு மாமா. ஹொஸ்டலில் விளக்கு அணைத்த பிறகு நீங்கள் பாடத்தைக் கதை மாதிரிச் சொல்வீர்களாம், நாங்கள் பாஸானது அதனால்தான் என்றார். கம்பஸில் லெக்சரராக வந்திருக்க வேண்டியவன் என்றார். "அவன் எங்கேயோ பெரிய எடத்துக்குப் போயிட்டான், இந்தச் சின்னத் தோட்டத்து வாத்தியார எங்க நெனைக்கப் போறான்னு நானும் ஒரு கடுதாசி போடல" என்றபோது மணி அடித்த மாதிரிப் பாதியில் நிறுத்திவிட்டார். ஒரு பிள்ளை அவர் பாக்கெட்டிலிருந்து லேஞ்சியை எடுத்து, கண் துடைக்க அவரிடமே கொடுத்தது. எனக்கும் அழுகை வந்தது. நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்று தெரிந்த எனக்கே வந்தது.

பாடையின் முன் பக்கத்தைத் தூக்குவது யார் என்பதில் குமாரவேல் மாமாவுக்கும் சேருக்கும் சண்டை வந்தது. "நான்தான்டா மொதல்ல கல்லக் கடிச்சவன்!" "எனக்குத்தானே கடவாப் பல்லு போச்சு!" பாடையே இல்லாத எழவில் பாடைக்குச் சண்டை. நடுவில் புகுந்து, "மாமா சாகல, இது ஒங்க மூணு பேரையும் கூப்பிட்ட விருந்து" என்று நான் கத்தினேன். "பாவம், பொடியனுக்கு மண்ட கொழம்பிருச்சு" என்று ஒரு அம்மா என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டார்.

நல்ல வேளையாக முக்தார் நானா வந்தார். யட்டியாந்தோட்டையிலிருந்து வான் பிடித்து, ஹபீஸாவோடு, ஒரு ரோல் வெள்ளைத் துணியோடு வந்து இறங்கினார். இவர்தான் மாமா உங்களுக்குப் போன் எடுத்தது. குமாரவேல் மாமா பெல்மதுளையிலிருந்து சேதி சொன்னதும், தொப்பிக்குள் இருந்த நம்பரை எடுத்து, உங்கள் ரூமில் இருக்கிற எவருக்காவது ஆறுதல் சொல்லலாம் என்று அடித்திருக்கிறார். நீங்களே எடுத்து "ஹலோ" என்றிருக்கிறீர்கள். உங்கள் குரல் அவருக்கு மறந்துபோச்சு. அவர் குரல் உங்களுக்கு மறந்துபோச்சு. "கிருஷ்ணராஜ் மௌத்தாகிட்டாரு, நீங்க தைரியமா இருக்கணும்" என்று உங்களுக்கே சொல்லிவிட்டு அழுதுகொண்டு வைத்துவிட்டார். ரெண்டு பேருக்கும் வெட்கமாக இல்லையா?

அந்த முக்தார் நானாதான் இறங்கின உடனே மூக்கை உறிஞ்சினார். "நில்லுங்க. பருப்பு வாசம் வருது."

எல்லோரும் திரும்பினார்கள். கொல்லைப் பக்கம் மூன்று கல் அடுப்பில் பெரிய தாச்சி, புகை, தாளிச்ச வாசம். இவ்வளவு குழப்பத்திலும் நான் அடுப்பை அணைக்கவில்லை. கருகினால் விசா போகும் என்று ஒரு பெடியனைக் கிண்ட விட்டிருந்தேன்.

"மையத்து வீட்டுல அடுப்பு எரியுமா?" என்றார் முக்தார் நானா.

ஒப்பாரி நின்றுபோனது. எழவு வீட்டில் அடுப்பு மூட்டுகிற ஆள் நம் பக்கத்தில் எங்கேயும் இல்லை என்பது பியதாச மாத்தயாவுக்கும் தெரியும், சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் அன்று காலையிலிருந்து வாய் கிழியச் சொன்னதை யாரும் நம்பவில்லை. பருப்புச் சொன்னதை எல்லோரும் நம்பினார்கள். குமாரவேல் மாமா டோர்ச்சை எடுத்துத் தாச்சிக்குள் அடித்துப் பார்த்தார். பிறகு என் முகத்தில் அடித்தார்.

"டேய், உண்மையச் சொல்லு. இருக்கானா?"

"இருக்காரு மாமா. அதைத்தானே காலையிலேர்ந்து சொல்றேன்."

"நல்லா இருக்கானா? பெரிய ஆளா இருக்கானா?"

இந்த இடத்தில்தான் நீங்கள் சொன்ன "மெனேஜ்மென்ட்"டை நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் மூன்று பேரும் அழுத முகத்தோடு நிற்கிறார்கள், ஒருத்தர் ஒத்தைச் செருப்போடு. என்னால் ஏலவில்லை மாமா. "பெரிய ஆளெல்லாம் இல்ல. ஹோட்டல் லோண்டரில பெட்ஷீட் வெளுக்கிறாரு. நீங்கள்லாம் பெரிய ஆளாகிட்டீங்க, தன்னைய ஞாபகம் இருக்காதுன்னுதான் ஊருக்கு வராம இருக்காரு" என்று பட்டென்று போட்டுவிட்டேன்.

சரி, அடிக்கப் போகிறார்கள் என்று நான் தாச்சிக்குப் பின்னால் போய் நின்றேன். அப்போது சேர் சிரிக்கத் தொடங்கினார். அதிபர் சிரிப்பு இல்லை, ஹொஸ்டல் சிரிப்பாக இருக்க வேண்டும், பிள்ளைகளே பயந்து பார்த்தார்கள். "பெரிய ஆளா! டேய், நான் இன்னமும் பதில் அதிபர்டா. வருசா வருசம் புது அதிபர் வர்றாருன்னு மாலை வாங்கி வைக்கிறேன், அந்த ஸ்கூலப் பாத்துட்டு ஒருத்தனும் பஸ்ஸ விட்டு எறங்க மாட்டேங்கிறான்!" என்றார். குமாரவேல் மாமா, "என் காரு நிக்கிற எடத்துல புல்லு மொளச்சு, புல்லத் திங்க மாடு வந்து, இப்ப கராஜ்காரன் மாடு கட்டுற வாடகை கேக்குறான்" என்றார். முக்தார் நானா ஹபீஸாவைப் பார்த்தார். "சொல்லுங்களேன்" என்றார் அவர். "துணிக்கடைன்னுதான் பேரு. பாதிக் கடைக்கு மேல ரப்பர் ஷீட்டு வாங்கி அடுக்கி வச்சிருக்கேன். கலியாணச் சீலை பாக்க வாறவங்க மூக்கப் பொத்திக்கிட்டு ஓடுறாங்க!" தராசு எதற்கு என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அதற்குப் பிறகு நடந்ததைக் கூட்டம் என்பதா, திருவிழா என்பதா? எழவுக்கு வந்த அத்தனை பேரும் சாப்பிட்டுத்தான் போனார்கள். சிரமதான அம்மாமார் வந்ததுக்கு நம் கானைச் சுத்தம் செய்தார்கள். பியதாச மாத்தயா வெள்ளைச் சட்டையில் பருப்பை ஊற்றிக்கொண்டு, செத்தவர் உயிர்த்த வீட்டில் முதல் தடவை சாப்பிடுகிறேன் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பங்காளிகள் மூன்று பேரும் தனியாக ஒரு வாளியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சந்தியிலிருந்து உங்கள் படத்தைத் தூக்கி வந்து, மாலையைக் கழற்றி ஆட்டுக்குப் போட்டுவிட்டு, நாலாவது பக்கத்தில் சாய்த்து வைத்தார்கள். உங்களுக்கும் ஒரு கோப்பை. முதல் வாய் வைத்ததும் குமாரவேல் மாமா முகம் சுருங்கியது. "கல்லு இல்லியே" என்றார். "சுத்தமான பருப்பு. என்னா பிரயோசனம்?" என்றார் சேர். குமாரவேல் மாமா மணிபேர்ஸைத் திறந்து, கடதாசியில் மடித்திருந்த ஒரு பொடிக் கல்லை எடுத்தார். எவனும் விலைக்குக் கேட்காத கல்லாம். வாளிக்குள் போட்டுக் கலக்கினார். "யாருக்கு வருதோ" என்றார்.

நான் பங்காளி இல்லை, ஆனால் பரிமாறுகிறவனுக்கும் பசிக்கும்தானே. நின்றபடி ஒரு கோப்பை வாங்கிக் குடித்தேன். கடக் என்றது. முன்பல்லில் பாதி போய்விட்டது மாமா. இரத்தம் வழிய வழிய நான் நிற்கிறேன், மூன்று பேரும் எழும்பி நின்று கை தட்டுகிறார்கள். "வந்துட்டான்டா அஞ்சாவது ஆளு!" கல்லைக் கழுவி, நாலு பேரும் மாறி மாறி நாக்கில் வைத்து, சத்தியம் வாங்கினார்கள். காலேஜை விட்டேன், ஒப்பீஸை விட்டேன், தையலை விட்டேன். இதை மட்டும் விட ஏலாது. உடைந்த பல் ஒட்டாதே.

படம் பிடித்தாயிற்று. கழுவி வந்ததும் அனுப்புகிறேன். நடுவில் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பது நான். மலருக்கான வாழ்க்கைக் குறிப்புகளை மேலே எழுதியிருக்கிறேன், அப்படியே போடலாம் என்று மூவரும் கையெழுத்து வைத்துவிட்டார்கள். மாடும் ரப்பர் நாற்றமும் உட்பட. வேலையை முடித்துவிட்டேன், ஆகவே சொன்னபடி விசா அனுப்பவும். வெயிலில் அலையாமல் நேரத்துக்குச் சாப்பிடவும். தோட்டத்து மாரியம்மா துணை இருப்பாள். அம்மாவின் அன்பு, அழுதது போக மிச்சம் இருப்பது முழுவதும். ஆடு உங்கள் மாலையைத் தின்றுவிட்டு நலமாக இருக்கிறது.

இப்படிக்கு,
பங்காளி சுரேந்திரன்

பி.கு: மேல விசா அனுப்பச் சொன்னதை வெட்டி விடுங்க மாமா, வேணாம். இங்க எனக்கு வேலை இருக்கு. பங்காளிங்க என்னையச் செயலாளரா ஆக்கிட்டாங்க. வேற காரணமும் ஒன்னு இருக்கு, பல்லு ஒடஞ்சதப் பாத்து இந்தக் கடைல ஒரு ஆள் சிரிச்சிச்சு, அதப் பொறகு எழுதுறேன். அந்த விசாக் காசுக்கு ஒங்க டிக்கெட்ட எடுங்க. மேல "நீங்கள் சாகவில்லை"ன்னு எழுதினேனே, அதுவும் முழுசா முடிவான விசயமில்ல. நேத்து மூணு பேரும் கூடிப் பேசினாங்க. சந்தோசத்துக்குன்னு கூப்பிட்டா நம்மள்ல ஒருத்தனும் வர மாட்டான், எழவுன்னாத்தான் வருவான், அதனால எழவாவே வச்சுக்குவோம்னு முடிவாச்சு. பதினாறாம் நாள் கருமாதி வைக்கலாம்னாரு குமாரவேல் மாமா. அதுக்குள்ள கடுதாசி டோஹாவுக்குப் போகாதுன்னாரு சேர். அப்பத்தான் பியதாச மாத்தயா சொன்னாரு, எங்க ஆளுங்க செத்தவர் பேர்ல மூணு மாசத்துல சாப்பாட்டுத் தானம் குடுப்பாங்க, அப்படி வைங்க, கதிரை நான் தர்றேன்னு. தை மாசம் வச்சிருக்கோம். முக்தார் நானா கடையப் பூட்டுறாரு, சேர் ஸ்கூல மூடுறாரு, குமாரவேல் மாமா பஸ்ல வர்றாரு. நீங்க நேர்ல வந்து நின்னா அது விருந்து. வரலைன்னா அது ஒங்க மூணு மாச தானந்தான், ஊருக்கே சாப்பாடு போட்டு முடிச்சிருவோம், அதுக்கப்பறம் நீங்க உயிரோட இருக்கேன்னு போன் எடுத்தாலும் யாரும் நம்ப மாட்டாங்க. கொடியெல்லாம் அலசிக் காய வச்சிருக்கேன். சாயம் போடுறதா நீலம் போடுறதான்னு நீங்க வந்து சொல்லுங்க, ஒங்க துறைதானே. அம்மா இப்பவே பருப்பு வாங்கி வச்சிருக்காங்க, கல் பொறுக்காம. துஷாந்தினி ஷட்டரப் பாதி இழுத்துட்டா, நான் உள்ளுக்குள்ள இருக்கிறது மறந்துருச்சு போல, போகணும் மாமா